ஆய்வகத்தில் வேலை, கூடவே பட்டம்: இங்கிலாந்தில் அறிவியல் அப்ரண்டிஸ்ஷிப் குறித்த முழுமையான வழிகாட்டி

ஏ லெவலில் (பள்ளி இறுதிப் படிப்பில்) வேதியியலோ உயிரியலோ படிக்கும் பிள்ளை இருக்கும் தமிழ் வீடுகளில், ஜனவரி நெருங்கினால் பேச்சு முழுவதும் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யூகாஸ் விண்ணப்பத்தைச் சுற்றியே நடக்கிறது. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் எத்தனையோ வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம், எவ்வளவு கடன் என்று கேட்கிறார்கள். அதே பிள்ளை ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தபடியே, கல்விக் கட்டணம் எதுவும் செலுத்தாமல் பி.எஸ்சி. ஆனர்ஸ் பட்டம் பெறலாம் என்ற செய்தி பல பெற்றோரை இன்னும் எட்டவில்லை. பட்டத்துடன் கூடிய அப்ரண்டிஸ்ஷிப் (வேலையோடு பயிற்சி) முறை இங்கிலாந்தில் 2015 முதல் இருக்கிறது.

நான் மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். புதிதாக வரும் பயிலுநர்களுக்கு வேலை பழக்குவது என் பொறுப்புகளில் ஒன்று. நன்றாக முடித்தவர்களையும் பாதியில் சோர்ந்தவர்களையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் கண்ணில் பட்ட பெரிய வேறுபாடு மதிப்பெண்ணில் இல்லை. வேலை நேரத்தில் படிப்புக்கென்று ஒதுக்கப்பட்ட மணிகளை யார் காத்துக்கொண்டார்களோ, காலையில் ஆய்வக மேசையில் செய்ததை மாலையில் படித்ததோடு யார் சேர்த்துப் பார்த்தார்களோ, அவர்கள் கரையேறினார்கள். இந்த வழிகாட்டியில் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முதல் படி: எந்த அப்ரண்டிஸ்ஷிப் என்று தெளிவாகுங்கள்

ஆய்வக வேலைக்கு ஒரே ஒரு அப்ரண்டிஸ்ஷிப் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாம் நிலையில் ஆய்வகத் தொழில்நுட்பவியலாளர் பயிற்சி இருக்கிறது. ஜி.சி.எஸ்.இ. (16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) முடித்தவர்கள்கூடச் சேரலாம், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும், பட்டம் கிடைக்காது. ஐந்தாம் நிலை அதற்கு மேல். முழுப் பட்டம் வேண்டுமென்றால் ஆறாம் நிலையில் உள்ள ஆய்வக அறிவியலாளர் அப்ரண்டிஸ்ஷிப்பைத்தான் தேட வேண்டும். அது பொதுவாக ஐந்து ஆண்டுகள் ஓடும். விளம்பரத்தில் 'அறிவியல் அப்ரண்டிஸ்' என்று மட்டும் போட்டிருந்தால், எத்தனையாவது நிலை என்று கேட்காமல் விண்ணப்பிக்காதீர்கள்.

குடும்பங்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. மருத்துவமனையில் இரத்தமும் திசுவும் பரிசோதிக்கும் 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்' ஆவதற்கு ஆய்வக அறிவியலாளர் அப்ரண்டிஸ்ஷிப் போதாது. அந்தப் பெயர் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. எச்.சி.பி.சி. என்ற பதிவு மன்றத்தில் பதிவு பெற்றவர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையின் ஆய்வகம்தான் பிள்ளையின் ஆசை என்றால், 'ஹெல்த்கேர் சயின்ஸ் பிராக்டிஷனர்' என்ற ஆறாம் நிலை அப்ரண்டிஸ்ஷிப்பைப் பாருங்கள். அதில் வரும் பட்டமும் பணியிடப் பயிற்சிக் கோப்பும் பதிவுக்கு ஏற்கப்படுபவையா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் அல்ல இது.

பணக் கணக்கு

பயிலுநர் என்றாலும் அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர். சம்பளச் சீட்டு வரும், சம்பளத்துடன் விடுப்பு உண்டு, வருமான வரியும் உண்டு. சட்டப்படி அப்ரண்டிஸ்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 8 பவுண்டு. ஆனால் இந்தக் குறைந்த விகிதம் 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கும் மட்டுமே பொருந்தும். 19 வயதாகி முதல் ஆண்டையும் முடித்துவிட்டால், வயதுக்குரிய சாதாரணக் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தாக வேண்டும். 18 முதல் 20 வயதுக்கு அது 10.85 பவுண்டு. பெரிய மருந்து நிறுவனங்கள் பெரும்பாலும் இதற்கு மேலேயே தருகின்றன. சிறிய ஆய்வகங்களில்தான் இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது சம்பளச் சீட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

கல்விக் கட்டணத்தை நிறுவனமும் அரசும் பார்த்துக்கொள்கின்றன. ஆண்டுச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் அதில் 0.5 சதவீதத்தை அப்ரண்டிஸ்ஷிப் வரியாகச் செலுத்துகின்றன. அந்தப் பணம்தான் பயிலுநரின் கட்டணமாகத் திரும்புகிறது. மறுபக்கம், வழக்கமான பல்கலைக்கழகத்தில் 2025-26 கல்வியாண்டின் கட்டணம் 9,535 பவுண்டு. அந்தக் கணக்கில் மூன்று ஆண்டுகளுக்கு 28,605. தங்குமிடமும் சாப்பாடும் தனி. 2023 ஆகஸ்டு முதல் சேர்ந்தவர்கள் அந்தக் கட்டணத்துக்கு வாங்கும் கடனை, 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பதில் 9 சதவீதம் என்ற கணக்கில், 40 ஆண்டுகள் வரை கட்ட வேண்டியிருக்கும்.

பணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கச் சொல்லமாட்டேன். மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இது வழி அல்ல. கோட்பாட்டு இயற்பியலில் மூழ்க ஆசைப்படுபவருக்கும் அல்ல. மூன்று ஆண்டு விடுதி வாழ்க்கையும் நீண்ட கோடை விடுமுறையும் இதில் கிடையாது. கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கிறது என்னும் பிள்ளைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தகுதி

பெரும்பாலான நிறுவனங்கள் கணிதம், ஆங்கிலம், அறிவியல் உட்பட ஐந்து ஜி.சி.எஸ்.இ. பாடங்களில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட கிரேடும், ஏ லெவலில் வேதியியல் அல்லது உயிரியல் உட்பட இரண்டு மூன்று பாடங்களும் கேட்கின்றன. பி-டெக் (BTEC) என்ற தொழில்சார் பள்ளிப் படிப்பு முடித்தவர்களையும் பல இடங்களில் எடுக்கிறார்கள். வேதியியல் பகுப்பாய்வு வேலை என்றால் வேதியியல் இல்லாமல் போவது கடினம்.

குடியுரிமை விஷயத்தில் கவனம் தேவை. அரசு நிதி பெற, பிரிட்டிஷ் குடிமக்கள் உட்படப் பெரும்பாலானோர் முந்தைய மூன்று ஆண்டுகள் சட்டப்படி இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு இந்த மூன்று ஆண்டு நிபந்தனை இல்லை. இலங்கையிலிருந்து வந்து அந்தஸ்து கிடைத்த குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. மாணவர் விசாவில் வந்தவர்கள் அப்ரண்டிஸ்ஷிப்பில் சேர முடியாது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இதற்கென்று புறப்பட்டு வர வழியில்லை. அப்படி வழி செய்து தருவதாக எவராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நான் இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் வேறு ஏற்பாடுகள் உள்ளன.

தேடுவதும் விண்ணப்பிப்பதும்

இலையுதிர் காலத்திலேயே தேடத் தொடங்குங்கள். செப்டம்பரில் தொடங்கும் இடங்களுக்குப் பெரிய நிறுவனங்களின் விளம்பரம் முந்தைய ஆண்டின் இறுதியிலிருந்தே வரத் தொடங்கும். விண்ணப்பங்கள் குவிந்தால் அறிவித்த நாளுக்கு முன்பே மூடிவிடுபவர்களும் உண்டு. அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தேடல் தளம், யூகாஸ் தளம், நிறுவனங்களின் சொந்தத் தளம் மூன்றையும் பாருங்கள். யூகாஸ் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டே அப்ரண்டிஸ்ஷிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. இரண்டையும் கையில் வைத்திருப்பதே அறிவுடைமை.

ஜி.எஸ்.கே., அஸ்ட்ராஜெனெகா, பைசர், யூனிலீவர் போன்ற பெரிய நிறுவனங்கள் இத்தகைய பயிலுநர்களை எடுத்து வந்திருக்கின்றன. அவற்றுக்கு எல்லோரும் விண்ணப்பிப்பார்கள். குடிநீர்ப் பரிசோதனை, உணவுப் பரிசோதனை, பெயின்ட், வாசனைப் பொருள், ஒப்பந்த அடிப்படையில் மருந்து சோதிக்கும் ஆய்வகங்கள், பல்கலைக்கழகங்களின் சொந்த ஆய்வகங்கள் ஆகியவற்றைப் பலர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சிறிய ஆய்வகத்தில் முதல் ஆண்டிலேயே பல கருவிகளைத் தொட்டுப் பழக வாய்ப்பு உண்டு. பெரிய இடத்தில் ஒரே கருவியோடு ஓராண்டு போகலாம்.

விண்ணப்பக் கடிதத்தில் 'எனக்கு அறிவியல் மிகவும் பிடிக்கும்' என்ற வரியை விட்டுவிடுங்கள். பள்ளி ஆய்வகத்தில் செய்த ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். டைட்ரேஷன் என்றால், மூன்று அளவீடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போயின, ஒத்துப்போகாதபோது எதைச் சந்தேகித்தீர்கள் என்று எழுதுங்கள். அந்த நான்கு வரியை எழுதியவரை நான் நேர்முகத்துக்கு அழைப்பேன். நேர்முகத்திலும் பெரும்பாலும் அதைத்தான் தோண்டுவார்கள். சரியான விடை தெரியுமா என்பதைவிட, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரா, தவறு நடந்தால் மறைக்காமல் சொல்வாரா என்பதே எங்களுக்கு முக்கியம். மருந்து ஆய்வகத்தில் மறைக்கப்பட்ட தவறு நோயாளியின் உடலில் போய் முடியும்.

கையெழுத்துக்கு முன்

இரண்டு ஆவணங்கள் வரும். ஒன்று நிறுவனத்துடனான அப்ரண்டிஸ்ஷிப் ஒப்பந்தம். மற்றொன்று நிறுவனம், பல்கலைக்கழகம், பயிலுநர் மூவரும் கையெழுத்திடும் பயிற்சித் திட்டம். அவசரத்தில் முதலாவதை மட்டும் படித்துவிட்டு இரண்டாவதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் ஐந்து ஆண்டுகளை ஆளப்போவது இரண்டாவதுதான். வேலை நேரத்துக்குள் எத்தனை மணி நேரம் பயிற்சிக்கு என்பது அதில்தான் இருக்கிறது.

2025 ஆகஸ்டுக்கு முன்பு சேர்ந்த முழுநேரப் பயிலுநர்களுக்கு இது சராசரியாக வாரத்துக்கு 6 மணி நேரம் என்ற அடிப்படையில் கணக்கிடப்பட்டது. அதற்குப் பிறகு சேர்பவர்களுக்கு ஒவ்வொரு அப்ரண்டிஸ்ஷிப்புக்கும் தனித்தனியாக ஒரு மொத்த மணிக்கணக்கு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. எப்படியானாலும் இது சம்பளத்துடன் கூடிய வேலை நேரம். நிறுவனம் மனமிரங்கித் தரும் சலுகை அல்ல. எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முதல் வாரத்திலேயே மேலாளரிடம் கேட்டு நாட்காட்டியில் பதிந்துவிடுங்கள்.

பாதியில் விலகினால் கல்விக் கட்டணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பயிற்சிக்கோ மதிப்பீட்டுக்கோ ஆகும் செலவைப் பயிலுநரிடம் வசூலிக்க அரசின் நிதி விதிகள் அனுமதிப்பதில்லை. இருந்தால் மரியாதையோடு சுட்டிக்காட்டி நீக்கச் சொல்லுங்கள்.

முதல் மாதங்கள்: மேசையில் நடப்பது

முதல் சில வாரங்கள் வாசிப்பிலேயே போகும். செயல்முறை ஆவணங்கள், இரசாயனப் பாதுகாப்பு, தீ, கழிவு என்று வரிசையாக வரும். அபாயகரமான பொருட்களைக் கையாள்வது குறித்த 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இடர் மதிப்பீடு இருக்கும். ஒவ்வொரு இரசாயனத்துக்கும் 16 பிரிவுகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்கும். சலிப்பாக இருந்தாலும் கையெழுத்துக்காகப் புரட்டாமல் படியுங்கள். நீங்கள் 'படித்தேன்' என்று கையெழுத்திட்ட தாளை ஆய்வு அதிகாரி பின்னாளில் உங்கள் முன்னால் வைத்துக் கேள்வி கேட்கலாம்.

அடுத்தது பிப்பெட், அதாவது திரவத்தைத் துல்லியமாக அளந்து எடுக்கும் கருவி. 1,000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டால் நீரை எடுத்துத் தராசில் பத்து முறை எடை பார்க்கச் சொல்வார்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒவ்வொன்றும் 0.997 கிராம் அருகே வர வேண்டும். சராசரியில் அனுமதிக்கப்படும் பிழை 8 மைக்ரோலிட்டர்தான். கை நடுக்கமும் முனையை நனைக்க மறந்ததும் எண்ணில் தெரியும். ஏ லெவலில் படித்த சராசரியும் திட்ட விலக்கமும் உங்கள் சொந்தக் கையை அளக்கும் கருவியாக மாறுவது இங்கேதான்.

ஒரு முழு வேலையை அருகிலிருந்து பார்ப்போம். பாராசிட்டமால் மாத்திரை. மருந்துகளின் தர வரம்புகளைச் சொல்லும் பிரிட்டிஷ் மருந்தியல் தொகுப்பின்படி, பெட்டியில் எழுதியிருக்கும் அளவில் 95 முதல் 105 சதவீதம் வரை மருந்து இருக்க வேண்டும். எளிய முறை இது: மாத்திரைகளைப் பொடியாக்கி, 150 மில்லிகிராம் பாராசிட்டமால் அடங்கிய பொடியை எடை போட்டு, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து 200 மில்லிலிட்டராக்க வேண்டும். வடிகட்டிய கரைசலில் 10 மில்லிலிட்டரை 100 ஆக்கி, அதிலிருந்து 10 மில்லிலிட்டரை எடுத்து மறுபடி 100 ஆக்க வேண்டும். கடைசிப் பிளாஸ்கில் மீதமிருப்பது 0.75 மில்லிகிராம். 257 நானோமீட்டர் ஒளியில் அதன் ஒளி உறிஞ்சல் ஏறத்தாழ 0.54 காட்டினால் மாத்திரை சரி.

கருவி 0.48 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கிட்டால் 90 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. புதிய பயிலுநரின் கை உடனே பிளாஸ்கைக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோகத் துடிக்கும். எங்கோ தப்பு, மறுபடி செய்துவிடலாம் என்று தோன்றும். அதைச் செய்யவே கூடாது. பிளாஸ்க், வடிகட்டிய கரைசல், மீதிப் பொடி அத்தனையும் அப்படியே இருக்க வேண்டும். மேலாளரைக் கூப்பிடுங்கள். வரம்புக்கு வெளியே வந்த முடிவுக்கு முறையான விசாரணை நடக்கும்: எடை சரியா, நீர்த்தல் சரியா, அலைநீளம் சரியா, அல்லது மருந்தே குறைவா? கொட்டிவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எதுவும் மிஞ்சாது. குறைவான மருந்துள்ள ஒரு தொகுதி கடைக்குப் போய்ச் சேரவும் கூடும்.

நோட்டுப் புத்தகத்துக்கும் இதே கண்டிப்பு. செய்யும்போதே எழுத வேண்டும். துண்டுச் சீட்டில் குறித்து மாலையில் நகலெடுப்பது கூடாது. பிழையாக எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் கையொப்பச் சுருக்கமும் தேதியும் காரணமும் எழுதுங்கள். அடித்த எண் படிக்கும்படி தெரிய வேண்டும். வெள்ளை மை பூசும் பழக்கத்தைப் பள்ளியோடு விட்டுவிடுங்கள்.

படிப்பை நடத்துவது

மான்செஸ்டர் மெட்ரோபொலிட்டன், நாட்டிங்ஹாம் டிரென்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் இத்துறையில் அப்ரண்டிஸ்ஷிப் பட்டங்களை நடத்தி வந்திருக்கின்றன. சில இடங்களில் வாரத்தில் ஒரு நாள் வகுப்பு. சில இடங்களில் தொடர்ச்சியாகச் சில நாட்கள். சிலவற்றில் இணையவழிப் பாடமும் இடையிடையே வளாகத்தில் ஆய்வகப் பயிற்சியும். தேர்வு உங்கள் கையில் இல்லை, நிறுவனம் எந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்திருக்கிறதோ அதுதான். ஆகவே நேர்முகத்திலேயே இதைக் கேளுங்கள்.

ஒதுக்கிய மணி நேரம் மட்டும் பட்டத்துக்குப் போதாது. மாலையும் வார இறுதியில் ஒரு பகுதியும் போகும். இதை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சம்பளம் வாங்கும் பிள்ளை என்றால் வேலை முடிந்ததும் ஓய்வாக இருப்பான், கல்யாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் தடையில்லாமல் வருவான் என்று நம் வீடுகளில் எதிர்பார்ப்பு உண்டு. அம்மா அப்பாவிடம் தேர்வு நாட்களையும் ஒப்படைப்பு நாட்களையும் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டச் சொல்கிறேன். அந்தத் தாள் பல சண்டைகளைத் தவிர்த்திருக்கிறது.

மிகவும் பயன்படும் பழக்கம் இது. வாரத்தில் ஒருமுறை, அந்த வாரம் செய்த ஏதாவது ஒரு வேலையை எடுத்து, அதன் பின்னால் இருக்கும் அறிவியலை ஒரு பக்கம் எழுதுங்கள். பாராசிட்டமாலைச் சோடியம் ஹைட்ராக்சைடில் ஏன் கரைத்தோம்? அதன் பீனால் தொகுதி காரத்தில் புரோட்டானை இழக்கிறது. அயனியான பிறகு உறிஞ்சல் நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்து வலுக்கிறது. அமில-கார வேதியியலும் நிறமாலையியலும், ஒளி உறிஞ்சலைக் கரைசலின் செறிவோடு இணைக்கும் பீர்-லாம்பர்ட் விதியும் ஒரே பிளாஸ்கில் கிடக்கின்றன. இப்படி எழுதிவைத்தவர்கள் தேர்வுக்குத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைகிறது. அதே பக்கங்கள் பயிற்சிச் சான்றுக் கோப்புக்கும் பயன்படும்.

அந்தக் கோப்பு பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் பொருள் அல்ல. அறிவு, திறன், நடத்தை என்ற மூன்று தலைப்புகளில் நீங்கள் தேறியதற்கான ஆதாரங்களைச் சேர்க்க வேண்டும். சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள், மேலாளர், பல்கலைக்கழகப் பயிற்றுநர் மூவரும் உட்கார்ந்து முன்னேற்றத்தைப் பார்ப்பீர்கள். வேலை மிகுதியால் படிப்பு நேரம் பறிபோயிருந்தால் அந்தக் கூட்டத்தில் பதிவாகும்படி சொல்லுங்கள். பெரியவர்கள் முன்னால் குறை சொல்வது மரியாதையல்ல என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் அங்கே 'எல்லாம் நன்றாகப் போகிறது' என்று சொல்லிவிட்டு, இரவில் உறங்காமல் படிக்கிறார்கள். 'கடந்த ஆறு வாரங்களில் நான்கு புதன்கிழமைகள் ஆய்வக வேலைக்குப் போய்விட்டன' என்று தேதியோடு சொல்வதில் மரியாதைக்குறைவு எதுவும் இல்லை.

இறுதி மதிப்பீடு

பட்டப் பாடங்களோடு, பயிலுநர் தன் வேலையில் தேர்ந்தவரா என்ற மதிப்பீடும் உண்டு. பணியிடத்தில் செய்த ஓர் ஆய்வுத் திட்டத்தை அறிக்கையாக எழுதி, விளக்கிப் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். தொழில்திறன் குறித்து ஓர் உரையாடலும் நடக்கும். மதிப்பீட்டு முறைகள் இப்போது திருத்தப்பட்டு வருவதால், உங்களுக்குப் பொருந்தும் மதிப்பீட்டுத் திட்டத்தை இரண்டாம் ஆண்டிலேயே வாங்கிப் படியுங்கள்.

திட்டத் தலைப்பை நிறுவனம் தரும் வரை காத்திருக்காதீர்கள். ஆய்வகத்தில் எல்லோரும் முணுமுணுக்கும் ஒரு தொல்லை இருக்கும். ஒரு பகுப்பாய்வு தேவைக்கு மேல் நேரம் எடுக்கும், ஒரு கரைப்பான் வீணாகும், ஒரு கருவியின் முடிவு கோடையில் மட்டும் தடுமாறும். அதை எடுத்துக்கொண்டு போய் 'இதை நான் ஆராயட்டுமா' என்று கேளுங்கள். ஆய்வகத்துக்கு உண்மையில் தேவைப்படும் தலைப்பு என்றால் கருவி நேரமும் மூத்தவர்களின் உதவியும் தானாகக் கிடைக்கும். தரவை வெளியிட நிறுவனத்தின் இரகசியக் கட்டுப்பாடு தடையாகுமா என்பதையும் ஆரம்பத்திலேயே எழுத்தில் உறுதி செய்யுங்கள்.

இடையில் வேலை போனால், முடித்த பின்

ஆட்குறைப்பு எந்த நிறுவனத்திலும் நடக்கலாம். பயிற்சியில் 75 சதவீதம் முடிந்திருந்தாலோ, முடிய ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தாலோ, அரசு நிதியில் படிப்பைத் தொடர்ந்து முடிக்கலாம். அதற்கு முன்பு என்றால் புதிய நிறுவனம் தேட 12 வாரங்கள் கிடைக்கும். செய்தி வந்த அன்றே பல்கலைக்கழகப் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அந்த 12இலிருந்து கழிகிறது. அதுவரை முடித்த பாடங்களுக்கான கிரெடிட் புள்ளிகளின் சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

முடித்தவர்கள் 'ரெஜிஸ்டர்ட் சயின்டிஸ்ட்' என்ற தொழில்முறைப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். வேதியியலாளர்களுக்கு ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி வழியாக அது கிடைக்கும். பயிற்சிக் கோப்பு தயாராக இருப்பதால் அந்த விண்ணப்பம் பெரிய சுமை அல்ல. சம்பளப் பேச்சும் அப்போதுதான் நடக்க வேண்டும். ஐந்து ஆண்டு அனுபவமுள்ள பட்டதாரி, பல்கலைக்கழகத்திலிருந்து அன்று வந்து சேர்ந்த பட்டதாரியின் சம்பளத்துக்கும் கீழே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பழைய பயிலுநர் சம்பளத்தின் மேல் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனதுதான் காரணம். இறுதி ஆண்டு தொடங்கும்போதே, முடித்த பின் எந்தப் பதவி, எந்தச் சம்பளப் பட்டை என்று மேலாளரிடம் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.